ஒடிசி வாங்கணும், எந்த இங்கிலீஷ்ல வாங்கறது?

போன மாசம் அக்கா பையன் ஃபோன் பண்ணான். காலேஜ்ல ரெண்டாம் வருஷம், இங்கிலீஷ் லிட்டரேச்சர். "மாமா, ஒடிசி வாங்கணும், ஆன்லைன்ல தேடினா பத்துப் பதினஞ்சு பேரு பேர்ல வருது, கதை ஒண்ணுதானே, இருக்கறதுலயே விலை கம்மியானத வாங்கிடட்டுமா"ன்னான். வேணாம்டா, ரெண்டு நிமிஷம் இருன்னு ஆரம்பிச்சேன், ரெண்டு நிமிஷம் முக்கால் மணி நேரமாச்சு, பாதிக்கு மேல அவன் வெறும் உம் கொட்டிட்டு இருந்தான்னு எனக்கும் தெரியும். அன்னைக்கு விட்டுப்போனதையும் சேர்த்து இங்க எழுதிடறேன். ஒண்ணு முன்னாடியே சொல்லிக்கறேன், ஒடிசி ஒரு பழைய கிரேக்கக் காவியம், எனக்குக் கிரேக்கம் எழுத்துக் கூட்டிப் படிக்கற அளவுக்குத்தான் வரும், பக்கத்துல அகராதி இல்லேன்னா ஒரு வரி தாண்டாது.

கதை தெரிஞ்சவங்க இந்தப் பத்திய தாண்டிப் போயிடலாம். டிராய்ங்கற நகரத்து மேல கிரேக்கர்கள் நடத்தற போர் பத்து வருஷம் நடக்குது, முடிஞ்சதும் எல்லாரும் ஊருக்குப் போறாங்க, ஒடிசியஸ்ங்கற ராஜா மட்டும் போய்ச் சேர இன்னொரு பத்து வருஷம் ஆகுது. வழியில ஒத்தக்கண் ராட்சசன், ஆளைப் பன்னியா மாத்தற சூனியக்காரி, கலிப்சோன்னு ஒரு தேவதைகிட்ட ஏழு வருஷம் சிறை மாதிரி ஒரு வாழ்க்கை. ஊர்ல, இத்தாக்காங்கற சின்னத் தீவுல, பொண்டாட்டி பெனலோப்பியக் கட்டிக்கறேன்னு 108 பேரு வீட்டுக்குள்ள உக்காந்து அவன் ஆடு மாட்டையெல்லாம் அடிச்சுத் தின்னுட்டு இருக்கானுங்க, பையன் டெலிமாக்கஸ் கையப் பிசைஞ்சுட்டு நிக்கறான். கடைசியில அப்பா பிச்சைக்காரன் வேஷத்துல வந்து அத்தனை பேரையும் முடிக்கறான். மொத்தம் 24 பகுதி, 12,100 வரிக்கு மேல. கி.மு. 8ஆம் நூற்றாண்டு வாக்குல உருவானதுன்னு சொல்றாங்க, 7னு சொல்றவங்களும் இருக்காங்க. எழுதினது ஹோமர்னு பேரு, அப்படி ஒருத்தர் இருந்தாரா, ஒருத்தர்தானாங்கற சண்டை இன்னும் ஓயல.

மொழிபெயர்ப்புக்கு வருவோம். இதுல முதல் சிக்கல், ஹோமரோட கிரேக்கம் எந்த ஊர்லயும் எவனும் பேசின கிரேக்கம் இல்ல. அயோனிய வட்டார வழக்கு பெரும்பங்கு, அதுல ஏயோலிய வழக்கு கலந்து, அதுக்கு மேல ரொம்ப பழைய ரூபங்களும் சேர்ந்து, பாட்டுக்குன்னே உருவான ஒரு பாஷை. ஏதன்ஸ்ல சாக்ரடீஸ் காலத்து ஆளுக்கே அது பழசாத்தான் கேட்டிருக்கும். அப்போ அத இங்கிலீஷ்ல கொண்டு வர்றவங்க பழைய வாசனை வர்ற இங்கிலீஷ்ல எழுதணுமா, இன்னைக்குப் பேசற இங்கிலீஷ்லயா? 1879ல புட்சர், லாங்னு ரெண்டு பேரு சேர்ந்து உரைநடையில பண்ணது பைபிள் மாதிரி இருக்கும், தௌ, தீ, ஹாத்துன்னு. நான் முதல்ல மாட்டினதும் அந்த மாதிரி ஒண்ணுதான், நடைபாதைக் கடையில நாப்பது ரூபாய்க்கு வாங்கினது, மூணாவது பக்கத்துல தூங்கிட்டேன், ஹோமர்னா இப்படித்தான் போலன்னு அஞ்சாறு வருஷம் அந்தப் பக்கமே போகல. தப்பு ஹோமர் மேல இல்லன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

ரெண்டாவது சிக்கல் யாப்பு. இத தமிழ்ல விளக்கறது இங்கிலீஷ்ல விளக்கறதவிட சுலபம், சத்தியமா. கிரேக்கத்துல குறில் நெடில் உண்டு, எ-ஏ, ஒ-ஓ வித்தியாசத்துக்குத் தனித்தனி எழுத்தே உண்டு, நம்மள மாதிரியே. ஒடிசியோட முதல் வரிய தமிழ் எழுத்துல இப்படி எழுதலாம்: அந்த்ர மொய் என்னெபெ மூஸ பொலுத்ரொபொன் ஹொஸ் மல பொல்ல. இதுல ரெண்டாவது சீர் "என்னெபெ". அலகிட்டுப் பாருங்க, என் நேர், னெபெ நிரை, கூவிளம். ஹோமரோட வரி முழுக்க கிட்டத்தட்ட இதுதான், ஒரு வரிக்கு ஆறு சீர், ஒவ்வொண்ணும் கூவிளம் மாதிரி ஒண்ணு (நெடுசு, குட்டை, குட்டை) இல்லாட்டி தேமா மாதிரி ஒண்ணு (நெடுசு, நெடுசு), கடைசிச் சீர் மட்டும் எப்பவும் ரெண்டே அசை. நம்ம இலக்கணமும் அவங்களோடதும் அச்சு அசலா ஒண்ணு இல்ல, ஆனா காது புரிஞ்சுக்கும். இங்கிலீஷ்ல இந்த நீள அளவுக் கணக்கே கிடையாது, அங்க எந்த அசைய அழுத்திச் சொல்றோம்ங்கறதுதான் தாளம். அதனால ஹோமர் தாளத்த அப்படியே இங்கிலீஷ்ல போட முயற்சி பண்ணவங்க பல பேரு, குதிரைக்கு லாடம் தப்பா அடிச்ச மாதிரி நொண்டும்.

அப்போ என்ன பண்றது? ஒண்ணு, தாளத்தையே விட்டுட்டு உரைநடையா எழுதறது. இன்னொண்ணு, தளர்வா ஒரு நீள வரி வச்சுக்கறது. மூணாவது, ஹோமருக்குக் கிரேக்கத்துல அந்த யாப்பு எவ்வளவு பழக்கமான கதை சொல்ற யாப்போ, அதே மாதிரி இங்கிலீஷ்காரன் காதுக்குப் பழகின ஒரு யாப்ப எடுத்துக்கறது. இந்த மூணுல எத எடுக்கறாங்கங்கறதுலயே புத்தகத்தோட பாதி குணம் முடிவாயிடும்.

மூணாவது சிக்கல்தான் நான் ஃபோன்ல மாட்டிக்கிட்ட இடம், முக்கால் மணி நேரத்துல அரை மணி நேரம் இதுலயே போச்சு. ஒரே ஒரு வார்த்தை. முதல் வரியில வர்ற அந்த "பொலுத்ரொபொன்". காவியத்தோட முதல் சொல் "அந்த்ர", ஆளு, மனுஷன். பேரு சொல்லல, ஒடிசியஸ்ங்கற பேரு 21ஆவது வரியிலதான் வருது. அதுக்கு முன்னாடி அவன் எப்படிப்பட்ட ஆளுன்னு சொல்ற முதல் அடைமொழி இது. பொலுஸ்னா பல, த்ரொபோஸ்னா திருப்பம், வழி, விதம். பல திருப்பம் உள்ளவன். சரி, திருப்பறவனா, திருப்பப்பட்டவனா? ஆளுக்குத் தகுந்த மாதிரி பேசி வேலைய முடிக்கற தந்திரக்காரன்னும் அர்த்தம் வரும், விதி இங்கயும் அங்கயும் புரட்டிப் போட்ட பாவப்பட்டவன்னும் அர்த்தம் வரும். ரெண்டுமே அவன்தான். ஒடிசி முழுக்க இந்தச் சொல் ரெண்டே ரெண்டு இடத்துல வருது, அதனால வேற இடத்த வச்சு அர்த்தத்தப் பூட்டவும் முடியாது.

இப்போ இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தவங்க என்ன பண்ணாங்கன்னு பாருங்க. 1720கள்ல அலெக்சாண்டர் போப், ஞானத்தோட பல கலைகளுக்குப் பேர்போனவன்னு எழுதினாரு, ஆளு ஏதோ பல்கலைக்கழகத் துணைவேந்தர் மாதிரி ஆயிட்டாரு. சாமுவேல் பட்லர் 1900ல "இன்ஜீனியஸ் ஹீரோ". மூலத்துல ஹீரோங்கற சொல் அந்த இடத்துல இல்லவே இல்ல, மனுஷன்தான். ரியூ 1946ல "ரிசோர்ஸ்ஃபுல் மேன்". லாட்டிமோர் "மேன் ஆஃப் மெனி வேஸ்", சொல்லுக்குச் சொல், அர்த்தம் கண்டுபிடிக்கறது உங்க பாடு. ஃபிட்ஸ்ஜெரால்ட் 1961ல போட்டியில எல்லா வழியும் தெரிஞ்சவன்ங்கற மாதிரி. ஃபேகில்ஸ் 1996ல "மேன் ஆஃப் ட்விஸ்ட்ஸ் அண்ட் டர்ன்ஸ்", இது எனக்கு ரொம்பப் பிடிச்சது, அவன் போன பாதையும் வளைவு, புத்தியும் வளைவு.

அப்புறம் 2017. எமிலி வில்சன், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல செவ்வியல் பேராசிரியர், ஆக்ஸ்ஃபோர்டுல பிறந்தவங்க. முதல் வரி: "டெல் மீ அபௌட் அ காம்ப்ளிகேட்டட் மேன்." அவ்வளவுதான், முற்றுப்புள்ளி.

இது வந்தப்போ நல்ல சலசலப்பு. காம்ப்ளிகேட்டட்னா ஃபேஸ்புக்ல ரிலேஷன்ஷிப் ஸ்டேட்டஸ் போடற வார்த்தையாச்சே, ஹோமர் வாயில போய் இதையான்னு ஒரு கோஷ்டி. எனக்கும் முதல்ல அப்படித்தான் பட்டுது. ஆனா கொஞ்சம் உக்காந்து யோசிச்சா அந்தச் சொல்லோட லத்தீன் வேர்ல மடிப்புங்கற அர்த்தம் இருக்கு, மடிப்பு மேல மடிப்பா மடிச்சு வச்சது. திருப்பத்துக்கு மடிப்பு, அவ்வளவு தூரமில்ல. இன்னொரு நைசான வேலையும் அந்த வரியில இருக்கு: "தி மேன்"னு எழுதல, "அ மேன்"னு எழுதியிருக்காங்க. கிரேக்கத்துல ஹோமர் வெறுமனே ஆளுன்னுதான் சொல்றாரு, தமிழ்ல நாம சொல்ற மாதிரி, முன்னாடி ஒட்டு ஒண்ணும் இல்ல. "தி"ன்னு போட்டா நமக்கு முன்னாடியே தெரிஞ்ச மகா புருஷன், "அ"ன்னு போட்டா யாரோ ஒருத்தன், இனிமேதான் தெரிஞ்சுக்கணும். ஒரே ஒரு எழுத்துல கதாநாயகன் பீடத்துலேர்ந்து இறங்கிட்டான்.

தமிழ்ல இதுக்கு என்ன போடலாம்னு பையன்கிட்ட கேட்டேன், "சிக்கலானவன்"னான். தப்பில்ல, ஆனா நூல் சிக்கல் ஞாபகம் வருது. எனக்குத் தோணினது நெளிவு சுளிவு தெரிஞ்ச ஆளு. கேட்டதும் ஒடிசியஸ் கண்ணுக்கு முன்னால வந்து நிக்கறான், எந்த அதிகாரிகிட்டயும் காரியத்த முடிச்சுட்டு வந்துடுவான். ஆனா கஷ்டப்பட்டு அலைஞ்சவன்ங்கற பாதி விட்டுப்போகுது. அத சேர்க்கப் போனா "அலைக்கழிஞ்ச"ன்னு இன்னொரு சொல் வேணும், ஒரு சொல் ரெண்டு சொல்லாயிடும். யார் பண்ணாலும் எங்கயாவது ஒண்ணு போகும், எது போனாப் பரவாயில்லன்னு அந்தாளு முடிவு பண்றதத்தான் நாம காசு குடுத்து வாங்கறோம்.

சரித்திரத்த ஒரு ஓட்டு ஓட்டிடறேன். ஷேக்ஸ்பியர் காலத்துக் கவிஞர் ஜார்ஜ் சாப்மன்தான் முதல் முழு ஒடிசி, 1610கள்ல. இருநூறு வருஷம் கழிச்சு கீட்ஸ் அத ஒரு ராத்திரி படிச்சுட்டு ஆடிப்போய் ஒரு கவிதை எழுதினாரு, 1816ல, அதுல பசிபிக் சமுத்திரத்த முதல்ல பார்த்த ஸ்பானியன் பேர மாத்திப் போட்டுட்டாரு, யாரும் அதுக்காக அந்தக் கவிதைய வேணாம்னு சொல்லல. போப், ஹோமரோட இன்னொரு காவியமான இலியட்ட சந்தா கட்டின வாசகர்கள்கிட்ட ஆறு வால்யூமா வித்து நல்லா சம்பாதிச்சாரு, அந்தத் தெம்புல ஒடிசிக்குப் போனப்போ பாதிய வில்லியம் புரூம், எலைஜா ஃபென்டன்னு ரெண்டு பேருகிட்ட குடுத்துட்டு, அவங்க எவ்வளவு பண்ணாங்கங்கறத கமுக்கமா வச்சுக்கப் பார்த்தாரு. ரிச்சர்ட் பென்ட்லின்னு ஒரு கிரேக்கப் புலி போப்போட ஹோமரப் பார்த்துட்டு, அழகான கவிதைதான் மிஸ்டர் போப், ஆனா அத ஹோமர்னு சொல்லாதீங்கன்னு சொன்னதா ஒரு கதை உண்டு. இந்த ஒரு வாக்கியத்த இன்னைக்கு வரைக்கும் புதுசா யார் மொழிபெயர்த்தாலும் யாராவது ஒருத்தர் தூசு தட்டி எடுத்துட்டு வருவாங்க.

1861ல மேத்யூ ஆர்னல்ட் ஒரு சட்டம் போட்ட மாதிரி சொன்னாரு, ஹோமர்னா நாலு குணம்: வேகம், சொல்லுல எளிமை, எண்ணத்துல எளிமை, கம்பீரம். நாலையும் ஒண்ணா பிடிச்சவங்க யாருமில்லங்கறது என் அபிப்பிராயம், மூணு வந்தா ஒண்ணு கையவிட்டுப் போகும். ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச கையோட வந்த ரியூவோட உரைநடை ஒடிசிதான் பெங்குயின் கிளாசிக்ஸ் வரிசையோட முதல் புத்தகம், அவரு சாயங்காலத்துல பொண்டாட்டிக்கு வாய்விட்டு மொழிபெயர்த்துச் சொல்லிச் சொல்லி உருவானது, நாவல் மாதிரி ஓடும். வேகமும் எளிமையும் இருக்கு, பாட்டு போச்சு.

வில்சன் விஷயத்துல எல்லாரும் முதல்ல சொல்றது, ஒடிசிய முழுசா இங்கிலீஷ்ல கொண்டு வந்து புத்தகமா போட்ட முதல் பெண்ணுன்னு. அது உண்மை, ஆனா இங்கிலீஷ்லதான். பிரெஞ்சுல ஆன் டாசியேன்னு ஒரு அம்மா 300 வருஷத்துக்கு முன்னாடியே இலியட், ஒடிசி ரெண்டையும் முடிச்சுட்டாங்க, போப்பே அவங்க குறிப்புகள பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் வேலை பார்த்தாரு. இலியட்ட இங்கிலீஷ்ல முழுசா வெளியிட்ட முதல் பெண் கேரலைன் அலெக்சாண்டர், 2015. வில்சனோட இலியட் 2023ல வந்துது.

எனக்கு அதவிட பிரமிப்பா இருக்கறது அவங்க தனக்குத் தானே போட்டுக்கிட்ட விலங்கு. மூலத்துல எத்தனை வரியோ மொழிபெயர்ப்புலயும் அத்தனையே வரி, ஒண்ணு கூடக்கூடாது. அதோட யாப்பு வேணும், ஷேக்ஸ்பியர் நாடகத்துல வர்ற, மில்டன் காவியத்துல வர்ற அந்தப் பத்து அசை வரி, நம்ம பாணியில சொன்னா தடம் தடம் தடம் தடம் தடம், அஞ்சு தட்டு. ஹோமரோட ஒரு வரியில 12லேர்ந்து 17 அசை வரைக்கும் இருக்கும், அத பத்துல அடக்கணும், பெட்டிய ஏறி உக்காந்து மூடற மாதிரி. ஃபேகில்ஸ் இந்தக் கட்டுப்பாடெல்லாம் வச்சுக்கல, வேணும்ங்கற இடத்துல வரிய நீட்டிக்கிட்டாரு, அதனால அவரோடது மூலத்தவிட நீளம், படிக்க மேடைப் பேச்சு மாதிரி நல்லா உருண்டு வரும். வில்சனோடது நடந்து போற மாதிரி இருக்கும், திரும்பிப் பார்த்தா நாலு மைல் போயிருப்போம்.

ஆனா அவங்க புத்தகத்துல என்னை உண்மையிலேயே நிமிர்ந்து உக்கார வச்சது யாப்பு இல்ல, "ஸ்லேவ்"ங்கற சொல். ஒடிசியஸ் வீட்டுல ஒரு வயசான அம்மா இருக்காங்க, யூரிக்ளியா, அவன் கால் கழுவும்போது தழும்பப் பார்த்து அடையாளம் கண்டுபிடிக்கறவங்க. பழைய இங்கிலீஷ்ல அவங்க செவிலி, தாதி, பழைய வேலைக்காரி, படிக்கும்போது ஏதோ குடும்பத்துல ஒருத்தர் மாதிரி மனசுல பதிஞ்சுடும். மூலத்துல முதல் பகுதியிலேயே தெளிவா இருக்கு, ஒடிசியஸோட அப்பா அவங்கள சின்ன வயசுல 20 மாட்டு விலை குடுத்து வாங்கினாரு. பன்னி மேய்க்கற யூமேயஸ் சின்னப் பையனா இருக்கும்போது கடத்திட்டு வந்து வித்தது. வேலைக்காரங்கன்னா சம்பளம் உண்டு, வேணாம்னா போயிடலாம். இவங்க போக முடியாது. வில்சன் பல இடத்துல நேராவே அடிமைன்னு போடறாங்க, அந்த வீட்டோட பளபளப்பு சட்டுனு வேற மாதிரி தெரியுது.

இது உச்சத்துக்குப் போறது 22ஆம் பகுதியில. 108 பேரையும் கொன்னு முடிச்சாச்சு. வீட்டுல 50 அடிமைப் பொண்ணுங்க, அதுல 12 பேரு அந்த மாப்பிள்ளைக் கூட்டத்தோட படுத்தவங்க. அவங்க சம்மதத்துலயா இல்லையான்னு யாரும் அந்த வீட்டுல விசாரிக்கல. முதல்ல அவங்களையே பொணத்தையெல்லாம் தூக்கி வெளிய போட வைக்கறாங்க, மேஜை நாற்காலி ரத்தத்தையெல்லாம் பஞ்சு வச்சுத் துடைக்க வைக்கறாங்க. அப்புறம் வாள்ல வெட்டுன்னு ஒடிசியஸ் சொல்றான். டெலிமாக்கஸ், இவங்களுக்குச் சுத்தமான சாவு குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டு, கப்பல் கயித்த எடுத்து தூணுல கட்டி வரிசையா தூக்குல போடறான். வலையில மாட்டின காட்டுப் புறா மாதிரின்னு ஹோமர் உவமை சொல்றாரு, ராத்திரி கூடு திரும்பற நேரத்துல மாட்டின பறவைங்க. கால் கொஞ்ச நேரம் துடிச்சுது, ரொம்ப நேரம் இல்ல. அவ்வளவுதான் அந்த வரி.

இங்க டெலிமாக்கஸ் பேசறப்போ கிரேக்கத்துல அந்தப் பொண்ணுங்களத் திட்டற பெயர்ச்சொல் எதுவுமே இல்ல. "அவங்க", பெண்பால்ல, என் தலையிலயும் எங்க அம்மா தலையிலயும் அவமானத்தக் கொட்டினாங்க, அந்த ஆளுங்களோட படுத்தாங்க. அவ்வளவுதான். ஃபேகில்ஸ் அந்த இடத்துல இங்கிலீஷ்ல இருக்கற ரெண்டு பச்சை வசவச் சேர்த்துட்டாரு, தமிழ்ல நான் எழுத மாட்டேன், உங்களுக்கே தெரியும். வேற சிலரும் அப்படித்தான். வேணும்னு பண்ணாங்கன்னு நான் சொல்லல, கோவம் வந்த ஆம்பளை இப்படித்தானே பேசுவான்னு கை தானா எழுதியிருக்கும். வில்சன் வெறுமனே "கேர்ள்ஸ்"னு போட்டாங்க. வசவு போனதும் காட்சி இன்னும் கொடூரமாயிடுது, ஏன்னா வசவு இருந்தா படிக்கறவன் மனசுல ஒரு ஓரத்துல "சரி, கெட்டவளுங்கதானே"ன்னு ஒரு சாக்கு கிடைக்கும், இப்போ அது கிடைக்கல. ஃபேகில்ஸ் எனக்குப் பிடிச்ச ஆளுன்னு சொன்னேன்ல, பிடிச்ச ஆளா இருந்தும் இந்த இடத்துக்கு வந்தா எனக்கு நெருடும்.

அதுக்காக வில்சன் எப்பவும் மூலத்துக்குப் பக்கத்துலயே நிக்கறாங்கன்னு சொல்ல வரல. 4ஆம் பகுதியில ஹெலன், யாருக்காக டிராய் போர் நடந்துதோ அந்தப் பொண்ணு, தன்னைத் தானே "நாய் மூஞ்சி"ன்னு சொல்லிக்கறா, நாய் மூஞ்சிக்காரி எனக்காக நீங்கல்லாம் டிராய்க்குப் போனீங்கன்னு. பழையவங்க இதையும் வேசிங்கற மாதிரி ஆக்கினாங்க, அது அதிகப்பிரசங்கம், கிரேக்கத்துல நாய்தான் இருக்கு. வில்சன் அத மாத்தி, என் முகத்தக் காரணமாக்கினாங்க, அது அவங்கள வேட்டைநாய் மாதிரி துரத்துச்சுங்கற அர்த்தத்துல எழுதினாங்க. நாயும் இருக்கு, மூஞ்சியும் இருக்கு, கெட்டிக்காரத்தனம்தான். ஆனா மூலத்துல ஹெலன் பழிய தன் தலையில போட்டுக்கறா, இங்க பழி நைசா அடுத்தவன் தலைக்குப் போயிடுது. கொஞ்சம் வக்கீல் வேலை. இன்னொரு இடம், 21ஆம் பகுதியில பெனலோப்பி சாவிய எடுக்கறப்போ அவ கை "தடிச்ச கை"ன்னு ஹோமர் சொல்றாரு, போர்வீரன் கைக்கெல்லாம் வர்ற அதே சொல். மகாராணிக்குத் தடிச்ச கையான்னு நிறைய பேரு மழுப்பிட்டாங்க. வில்சன் தசை பிடிச்ச உறுதியான கைன்னு எழுதினாங்க. இருபது வருஷம் தறி நெய்ஞ்ச கை அப்படித்தானே இருக்கும்! இங்க வில்சனுக்கு ஒரு சபாஷ்.

என் பெரிய புகார் வேற. ஹோமர்ல பொழுது விடியும்போதெல்லாம் ஒரே வரி வரும், விடியல்ல பிறந்த ரோஜா விரல் உஷை (விடியல் தேவதை) தோன்றினப்போன்னு, எழுத்து மாறாம, ஒடிசியில மட்டும் ஒரு இருபது தடவை. இது சோம்பேறித்தனம் இல்ல. 1930கள்ல மில்மன் பாரின்னு ஒரு அமெரிக்கர் யுகோஸ்லாவியாவுக்குப் போய், எழுதப் படிக்கத் தெரியாத பாடகர்கள் ஆயிரக்கணக்கான வரிய அங்கயே கட்டிப் பாடறத பதிவு பண்ணாரு. அவங்க மனப்பாடம் பண்றதில்ல, தயாரா இருக்கற துண்டுகள, அடைமொழிகள, தாளத்துக்குள்ள எடுத்து எடுத்துப் பொருத்தறாங்க. ஹோமரும் இதே பட்டறைதான்னு நிரூபிச்சாரு. அதனாலதான் இலியட்டோட நாயகன் அக்கிலீஸ் சப்பணம் கொட்டி உக்காந்திருந்தாலும் "வேகக்கால்" அக்கிலீஸ், கரையில ஏத்தி வச்ச கப்பலும் "வேகக் கப்பல்". நம்ம ஊர்ல வில்லுப்பாட்டு கேட்டவங்களுக்கு இது பழகின சங்கதி, திரும்ப வர்ற அந்த வரிக்காகத்தான் பின்பாட்டுக்காரர் காத்துட்டு இருப்பாரு.

வில்சன் இந்த விடியல் வரிய ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி எழுதறாங்க. ஒரு இடத்துல விரல் பூக்குது, இன்னொரு இடத்துல வேற ஒண்ணு. புத்தகம் படிச்சுப் பழகினவனுக்குத் திரும்பத் திரும்ப வந்தா அலுப்புத் தட்டும், பாட்டா கேட்டவனுக்கு அப்படி இல்லங்கறது அவங்க நியாயம். புரியுது. ஆனாலும் எனக்கு ஒப்பல. அந்த வரி அப்படியே திரும்ப வர்றப்போதான் ஒருத்தர் நம்ம முன்னாடி உக்காந்து சொல்லிட்டு இருக்காருன்னு ஒரு உணர்வு வரும், லாட்டிமோர்கிட்ட அது பத்திரமா இருக்கு, அவரு பாஷை மரக்கட்டை மாதிரி இருந்தாலும்.

ஒரு குட்டி சமாச்சாரம் விட்டுட்டேன். ஒத்தக்கண்ணன் குகையில ஒடிசியஸ் தன் பேரு "ஊத்திஸ்"னு சொல்றான், யாருமில்லைன்னு அர்த்தம். கண்ணக் குத்தினதும் அவன் அலற, வெளிய இருந்து மத்த ராட்சசனுங்க யாருடா உன்ன கொல்றாங்கன்னு கேக்க, "யாருமில்லை என்னைக் கொல்றான்"னு கத்தறான், அப்போ சரி, சாமியக் கும்பிட்டுக்கன்னு அவனுங்க போயிடறானுங்க. தமிழ்ல இது ஜோரா வரும், இங்கிலீஷ்லயும் நோபடி, நோமேன்னு சமாளிச்சுடறாங்க. ஆனா கிரேக்கத்துல இதுக்கு அடியில இன்னொரு சிலேடை இருக்கு, அவனுங்க கேள்வியில "யாரும் இல்லையே"ங்கறதுக்கு வர்ற சொல் "மீ திஸ்", அத சேர்த்துச் சொன்னா "மீதிஸ்", அப்படின்னா தந்திரம், ஒடிசியஸோட சொத்தே அதுதான். என் தந்திரம் அவங்கள ஏமாத்துச்சுன்னு சில வரி தள்ளி ஒடிசியஸ் உள்ளுக்குள்ள சிரிக்கறான். இத எந்த இங்கிலீஷாலயும் தூக்கிட்டு வர முடியல. அடிக்குறிப்புலதான் வாழுது, பாவம்.

சரி, எத வாங்கறது? முதல் தடவை படிக்கறவனா இருந்தா வில்சன், முன்னுரையும் நல்லா நீளமா உண்டு, வரைபடம் உண்டு. வாய்விட்டுப் படிக்கணும், சத்தம் வேணும்னா ஃபேகில்ஸ். கிரேக்கம் கத்துக்கப் போறேன், மூலத்தோட வச்சுப் பார்க்கணும்னா லாட்டிமோர். விலை கம்மின்னு காப்பிரைட் போன பழசு எதையும் முதல்ல தொடாதீங்க, என் கதி ஆகும். ஆனா பையன்கிட்ட இப்படி நான் தீர்ப்பு சொல்லல. காலேஜ் லைப்ரரியில மூணும் இருக்குன்னான். 17ஆம் பகுதியில நாய் வர்ற இடத்த மட்டும் மூணுலயும் படிச்சுப் பாரு, எது கைய விட்டு இறங்கலையோ அத வாங்குன்னேன்.

அந்த இடம் மொத்தமே நாப்பது வரி கூட இல்ல. ஒடிசியஸ் பிச்சைக்காரன் வேஷத்துல சொந்த வீட்டு வாசலுக்கு வர்றான். சாணிக் குவியல் மேல, உடம்பெல்லாம் உண்ணியோட, ஆர்கஸ் படுத்திருக்கு, அவன் குட்டியா வளர்த்துட்டு போருக்குப் போன நாய். இருபது வருஷம் ஆச்சு. பொண்டாட்டிக்கே அடையாளம் தெரியப் போறதில்ல, நாய்க்குத் தெரியுது. வாலை ஆட்டுது, காதைத் தாழ்த்துது, எழுந்து பக்கத்துல வர தெம்பு இல்ல. அவனும் பக்கத்துல போக முடியாது, போனா வேஷம் கலைஞ்சுடும், கூட வர்ற யூமேயஸுக்குத் தெரியாம முகத்தத் திருப்பிக் கண்ணத் துடைச்சுக்கறான், உள்ள போயிடறான்.

ரெண்டு நாள் கழிச்சு ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்ல பையன் மெசேஜ். "மாமா, மூணுலயும் நாய் செத்துடுச்சு."